ஐந்தரை மணி பின்தங்கிய மணிக்கட்டு

மார்கழி மாதம். சங்ககிரி மலையடிவாரத்தில் விடியுமுன் நடக்க வருகிறவர்கள் மப்ளரும் குல்லாவுமாக வருகிற காலம். முப்பது வருடம் நேஷனல் பர்மிட் லாரி ஓட்டிய மாமா ஒருவர் எங்களோடு நடப்பார். இடது கையில் பழைய ஹெச்.எம்.டி. வாட்ச். வலது கையில், இங்கிலாந்தில் வேலை பார்க்கும் மகன் வந்தபோது கட்டிவிட்டுப்போன ஃபிட்னஸ் பேண்டு. ஒருநாள் டீக்கடை வெளிச்சத்தில் இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினார். வாட்ச்சில் மணி 5:10. பேண்டில் 23:40, தேதியும் முந்தின நாள்.

“பாருங்க மாப்ள, இதுக்கு இன்னும் நேத்தே முடியலீங்க” என்றார்.

மணி பார்க்க அவருக்கு வாட்ச் போதும். அடி எண்ணவும் நாடித்துடிப்பு பார்க்கவும்தான் பேண்டு. அதனால் மூன்று வாரமாக இந்தத் தப்பு அவரை உறுத்தவில்லை. இப்போது உறுத்தியதற்குக் காரணம் இருந்தது. ராத்திரியில் படபடப்பாக வருகிறது என்று அவர் சொன்னதைக் கேட்ட டாக்டர், எந்த நேரத்தில் துடிப்பு ஏறுகிறது என்று பேண்டைப் பார்த்துக் குறித்துவரச் சொல்லியிருந்தார். ஆப்பைத் திறந்தால் துடிப்பு ஏறியது இரவு 9 மணிக்கு என்றிருக்கிறது. மாமாவுக்கு நன்றாக நினைவிருக்கிறது: அவர் எழுந்து தண்ணீர் குடித்துத் திண்ணையில் உட்கார்ந்தது பின்னிரவு இரண்டரைக்கு.

வாட்ச் தப்பினால் பஸ்ஸை விடுவோம், அவ்வளவுதான். பேண்டு தப்பினால் அது எழுதிவைக்கும் கணக்கு முழுவதும் இடம் மாறிவிடும். ஒவ்வொரு அடிக்கும் ஒவ்வொரு துடிப்புக்கும் பக்கத்தில் அது ஒரு நேரத்தைப் போட்டுத்தான் சேமிக்கிறது. மாமா இரவு 10 மணிக்குப் படுத்து 4 மணிக்கு எழுகிறவர். ஆப் அதை மாலை 4:30 முதல் இரவு 10:30 வரை தூங்கியதாகக் காட்டியது. நள்ளிரவு 12 மணிக்கு அடிக்கணக்கைப் பூஜ்யமாக்கிப் புதுநாள் தொடங்க வேண்டிய பேண்டு, விடிகாலை 5:30-க்குத்தான் அதைச் செய்தது. அதற்குள் அவர் நடந்த பாதி நடை நேற்றைய கணக்கில் போய்விட்டது.

இந்த மாதிரிப் பழுதைப் பார்க்கும்போது முதலில் கவனிக்க வேண்டியது, எவ்வளவு தப்பியிருக்கிறது என்பதை. சில நொடிகளா, கணக்கில்லாமல் கண்டபடியா, சரியாக ஒரு முழு அல்லது அரை மணியின் மடங்கா? அளவே நோயைச் சொல்லிவிடும். மாமாவின் பேண்டில் வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி. ஒரு நிமிடம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதைப் பார்த்ததுமே பேண்டுக்குள் இருக்கும் கடிகாரத்தின் மேல் குற்றமில்லை என்று தெரிந்துவிட்டது. ஏன் என்பதைச் சொல்ல, அந்தக் கடிகாரம் செய்யும் வேலை என்னவென்று பார்க்க வேண்டும்.

எங்கள் பக்கத்து மேட்டுக்காடுகளில் உழும்போது வெள்ளை வெளேரென்று கல் கிடைக்கும். வெங்கச்சங்கல் என்போம். சிறுவயதில் இருட்டறைக்குள் போய் இரண்டு வெங்கச்சங்கல்லை உரசினால் கல்லுக்குள்ளிருந்தே ஒரு மஞ்சள் வெளிச்சம் எழுந்து அடங்கும். அந்தக் கல்லைத்தான் புத்தகத்தில் குவார்ட்ஸ் என்கிறார்கள். அதன் படிகத்தை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்று 1880-இல் பிரான்சில் கியூரி சகோதரர்கள் கண்டுசொன்னார்கள். மறுபுறம், மின்சாரம் கொடுத்தால் படிகம் நெளியும். பேண்டுக்குள் அரிசிமணியைவிடச் சிறிய கூட்டில், ஆலையில் வளர்த்தெடுத்த சுத்தமான குவார்ட்ஸை, பள்ளிக்கூட ஆய்வகத்தில் பார்த்த இசைக்கவை போல வெட்டிவைத்திருக்கிறார்கள். மின்சாரம் பட்டதும் அதன் இரு கரங்களும் நொடிக்கு 32,768 முறை அதிரும்.

அந்த எண்ணைத் தேர்ந்ததில் ஒரு கணக்கு இருக்கிறது. 32,768-ஐப் பாதியாக்குங்கள், 16,384. அதில் பாதி 8,192. இப்படிப் பதினைந்து முறை பாதியாக்கினால் மிச்சம் சரியாக ஒன்று. பாதியாக்குவது மின்சுற்றுக்கு மிக எளிய வேலை. பதினைந்து படி இறங்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு கிடைத்துவிடும். அதற்கு மேல் பேண்டுக்குத் தெரிந்தது எண்ணுவது மட்டுமே. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே போகும். எந்த நொடியிலிருந்து எண்ணத் தொடங்க வேண்டும், இந்த ஊரில் அதை எத்தனை மணி என்று சொல்கிறார்கள் என்பதெல்லாம் அதற்கு வெளியிலிருந்துதான் வர வேண்டும்.

எண்ணுவதில் அது எவ்வளவு தப்பும்? கடையில் கிடைக்கும் சாதாரணப் படிகம் பத்து லட்சத்துக்கு 20 பங்கு வரை முன்னே பின்னே ஓடலாம். ஒரு நாளைக்கு ஒன்றே முக்கால் நொடி; யாரும் திருத்தாமல் ஒரு வருடம் விட்டால் பத்து நிமிடம். வெப்பமும் சேரும். இந்தப் படிகங்களை 25 டிகிரி வெப்பத்துக்கு அளவாக வெட்டுகிறார்கள். அதைவிடச் சூடேறினாலும் குளிர்ந்தாலும் மெதுவாகத்தான் ஓடும். சித்திரை வெயிலில் நிறுத்திய லாரியின் டேஷ்போர்டு 60 டிகிரிக்குப் போனால், அதன்மேல் கழற்றிவைத்த பேண்டு நாளைக்கு மூன்றரை நொடிக்கு மேல் பின்தங்கும். மணிக்கட்டில் இருக்கும்போது இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. தோலின் சூடு முப்பதைச் சுற்றியே நிற்பதால் உடம்பே அதைப் பார்த்துக்கொள்கிறது. எப்படியானாலும் படிகத்தின் தப்பு நொடிக்கணக்கில் சேர்வது. ஒரே இரவில் ஐந்தரை மணி தப்ப அதனால் முடியாது.

எண்ணிக்கை தொடங்கிய இடம் தொலைந்துபோவது இரண்டாவது வகை. எங்கள் வீட்டிலேயே நடந்தது. பேண்டு சார்ஜே ஏறவில்லை. திருப்பிப் பார்த்தால் முதுகிலிருக்கும் இரண்டு உலோகப் புள்ளிகளில் வியர்வை உப்பு படிந்து, ஓரத்தில் களிம்பு பச்சையாகப் பூத்திருந்தது. மெல்லிய துணியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, காயவிட்டு, சார்ஜில் வைத்ததும் உயிர் வந்தது. வந்த பேண்டு காட்டிய நேரம்: 1970 ஜனவரி 1, காலை 5:30. பேட்டரி முழுவதும் தீர்ந்ததும் எண்ணிக்கை நின்று, எண்ணியதும் அழிந்துவிட்டது. மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருக்கிறது. கணினி உலகில் ஏராளமான கருவிகளுக்கு அந்தப் பூஜ்யம் 1970 ஜனவரி 1 நள்ளிரவு, உலகப் பொது நேரப்படி. அந்த நொடியில் இந்தியாவில் விடிகாலை ஐந்தரை. எண்ணிக்கை அழிந்தும், இந்தியக் கணக்குக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும் என்ற குறிப்பு மட்டும் நினைவில் தங்கியிருந்ததால் அந்த 5:30. வேறு கருவிகள் 2000-ஐயோ தாங்கள் தயாரான ஆண்டையோ பூஜ்யமாக வைத்திருக்கும். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் வாரக்கணக்கை 1,024 வரை எண்ணிவிட்டு மறுபடி பூஜ்யத்துக்குப் போகின்றன. 2019 ஏப்ரல் 6-இல் அப்படி ஒரு சுற்று முடிந்தபோது, அதற்குத் தயாராகாத பழைய கருவிகள் ஏறக்குறைய இருபது ஆண்டு பின்னால் போயின.

சரியான நொடியைப் பேண்டுக்குக் கொடுப்பது போன். போனுக்குச் செல்போன் டவரும் இணையமும் கொடுக்கின்றன. அவற்றுக்குப் பின்னால், நீண்ட சங்கிலியின் மறுமுனையில், அணுக் கடிகாரங்கள். இந்திய நேரத்தைக் காப்பது டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அங்கே சீசியம் அணு 9,192,631,770 முறை ஊசலாடும் காலத்தை ஒரு நொடி என்று வைத்து எண்ணுகிறார்கள். டீக்கடை பெஞ்சில் நீட்டிய கைக்கு வருகிற நொடி அப்படி ஏதோ ஓர் அணுக் கடிகாரத்திலிருந்து கிளம்பி, கை மாறி மாறி வந்தது.

போனிலிருந்து பேண்டுக்குத் தாவும் கடைசிப் படி புளூடூத். பல கம்பெனிகள் தமக்கென்று தனி முறை வைத்திருந்தாலும், நேரம் சொல்வதற்கு எல்லோருக்கும் பொதுவான ஒரு முறையை புளூடூத் வகுத்திருக்கிறது. ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி, கிழமை, நொடியின் பின்னம் எல்லாம் பத்தே பைட்டில் அடங்கிய ஒரு செய்தி. கடைசி பைட்டு எனக்கு மிகவும் பிடித்தது. நேரத்தை ஏன் திருத்தினோம் என்ற காரணத்தை அது சொல்கிறது: கையால் மாற்றியதா, வெளியிலிருந்து வந்த நேரத்தைப் பார்த்துச் சரிசெய்ததா, நேர மண்டலம் மாறியதா, கோடைக்கால நேரம் மாறியதா. திருத்தியவன் காரணத்தையும் எழுதிவைக்க வேண்டும் என்று அதை வகுத்தவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

இந்த நேரச் சேவைக்கு புளூடூத் பட்டியலில் கொடுத்திருக்கும் அடையாள எண் 1805. அது கணினிக்காரர்களின் பதினாறடிமான எண். பட்டியலில் அடுத்தடுத்து விழுந்தது, வேறு பொருள் கிடையாது. ஆனாலும் சங்ககிரிக்காரன் அந்த எண்ணைச் சும்மா கடந்துபோக முடியாது. தீரன் சின்னமலையை ஆங்கிலேயர்கள் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிட்ட வருடம் அது. நாள் 1805 ஜூலை 31. ஆண்டுதோறும் நாங்கள் அவருக்கு மாலை போடுவது ஆடிப்பெருக்கன்று, ஆடி 18-இல். இப்போது ஆடி 18 ஆகஸ்ட் 3-ஐ ஒட்டி வருகிறது. ஜூலை 31 எங்கே, ஆகஸ்ட் 3 எங்கே என்று சின்ன வயதில் எனக்குக் குழப்பம். இரண்டில் ஒன்று தப்பு என்றே பல வருடம் நினைத்திருந்தேன்.

இரண்டும் சரி. தமிழ் மாதம் சூரியன் ராசிக்குள் நுழைவதை, அதாவது விண்மீன்களின் பின்னணியில் அது நிற்கும் இடத்தை வைத்துப் பிறக்கிறது. ஆங்கில நாட்காட்டி பருவங்களைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. பூமியின் அச்சு பம்பரம் தலையாட்டுவது போல ஏறக்குறைய 26,000 ஆண்டுக்கு ஒரு சுற்றுச் சுற்றுவதால், இரண்டு ஆண்டுகளும் துளி அளவில் வேறு. அறுபது எழுபது வருடத்துக்கு ஒரு நாள் விலகும். 1805-இல் ஆடி முதல் தேதி ஜூலை 14-ஐ ஒட்டி விழுந்தது. அதிலிருந்து எண்ணினால் பதினெட்டாவது நாள் ஜூலை 31. இருநூற்றுச் சொச்சம் வருடத்தில் மூன்று நாள் சேர்ந்து இன்றைக்கு ஆகஸ்ட் 3. இந்த விலகலையும் பத்து லட்சத்துக்கு இத்தனை பங்கு என்று போட்டுப் பார்த்தேன். கிட்டத்தட்ட 40 வந்தது. சாதாரண வாட்ச் படிகம் ஓடும் பிழையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்குதான் இரண்டு நாட்காட்டிகளுக்கும் இடையே உள்ள விலகல். படிகத்தின் பிழையை ஒவ்வொரு முறை இணையும்போதும் போன் அழித்துவிடுகிறது. இந்த மூன்று நாளை அழிக்க வேண்டியதில்லை. எந்தக் கணக்கில் சொல்கிறோம் என்று மட்டும் சொன்னால் போதும்.

மாமாவின் பேண்டுக்கும் அதே கேள்விதான்: எந்தக் கணக்கில் சொல்கிறது? உலகப் பொது நேரத்துக்கு மேல் ஒவ்வொரு ஊரும் எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதைக் கருவிகளுக்குச் சொல்ல புளூடூத் முறையில் கால் மணி ஓர் அலகு. இந்தியாவுக்கு 22 கால்மணி, நேபாளத்துக்கு 23, வங்காளதேசத்துக்கு 24. அரை மணியும் கால் மணியுமாக நேரம் வைத்திருக்கும் நம்மைப் போன்ற நாடுகள் இருப்பதால்தான் மணிக்கணக்கில் சொன்னால் போதவில்லை. இதை மாமாவிடம் சொன்னதும் அவருக்கு உடனே பிடிபட்டது. நேபாள எல்லையில் ரக்சௌலுக்குச் சரக்கு இறக்கப் போனால் போன் திடீரென்று கால் மணி முன்னே ஓடும், வங்காளதேச எல்லையில் பெட்ராபோல் போனால் அரை மணி ஓடும், திரும்பி வந்தால் தானே சரியாகிவிடும் என்றார். எல்லைக்கு அந்தப்புறத்து டவர் போனைப் பிடித்துத் தன் நாட்டு மணியைச் சொல்லியிருக்கிறது.

இலங்கையிலும் இப்படி ஒரு கதை உண்டு. 1996-இல் மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கடிகாரத்தை முன்னே தள்ளினார்கள். தீவு மறுபடி நம் ஐந்தரைக்குத் திரும்பியது 2006 ஏப்ரலில். அந்தப் பத்து வருடமும் ராமேசுவரத்தில் ஒரு மணி, தலைமன்னாரில் ஒரு மணி.

ஐந்தரை என்பதே ஓர் ஒப்பந்தம். வடக்கே மிர்சாபூரை ஒட்டி ஓடும் 82½ பாகைக் கோட்டில் சூரியன் உச்சிக்கு வருவதை வைத்து 1906 ஜனவரி 1 முதல் இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம் என்று வைத்தார்கள். அதற்கு முன் ரயில்கள் ஓடியது மெட்ராஸ் நேரத்தில், நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வுக்கூடத்தின் கணக்கில். 1862-இலேயே மெட்ராஸிலிருந்து மேற்குக் கடற்கரை வரை ஓடிய ரயில் சங்கரிதுர்க்கம் என்ற எங்கள் சங்ககிரி வழியாகத்தான் போனது. மெட்ராஸ் எங்களுக்குக் கிழக்கே இருப்பதால், ஸ்டேஷன் கடிகாரம் எங்கள் ஊர் வெயிலைவிட ஒன்பதரை நிமிடம் முந்தியிருக்கும். இந்திய நேரம் வந்ததும் இன்னும் ஒன்பது நிமிடம் முந்தியது. மொத்தம் பதினெட்டரை, ஏறக்குறைய முக்கால் நாழிகை. இன்றைக்கும் சங்ககிரியில் சராசரியாக 12:18-க்குத்தான் நிஜமான உச்சிப்பொழுது. பூமியின் பாதை வட்டமில்லாததாலும் அச்சு சாய்ந்திருப்பதாலும் அது நவம்பர் தொடக்கத்தில் 12:02-க்கு வரும்; பிப்ரவரி நடுவில் 12:33 வரை தள்ளும். முற்றத்தில் ஒரு குச்சியை நேராக நட்டு, நிழல் மிகக் குட்டையாகும் நேரத்தை மாதம் ஒருமுறை குறித்துவந்தால் யாரும் இதைப் பார்த்துக்கொள்ளலாம். பள்ளிப் பிள்ளைகளை இதைச் செய்யவைக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. சூரியனைப் பார்த்துச் சரியென்று சொல்ல முடிகிற மணி, நம் கையில் கட்டியிருப்பது எதிலும் இல்லை என்பது அப்போது கண்ணால் தெரியும்.

பேண்டுக்கு வருவோம். லண்டனில் பனிக்கால நேரமும் உலகப் பொது நேரமும் ஒன்றே. மாமாவின் வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி என்பதால் பேண்டு இன்னும் இங்கிலாந்தில் இருக்கிறது என்று ஊகித்தோம். கோடையாக இருந்தால் அங்கே ஒரு மணி நேரம் முன்னே தள்ளியிருப்பார்கள். வித்தியாசம் நாலரையாக இருந்திருக்கும். மகன் அங்கே தன் வீட்டிலேயே கணக்குத் தொடங்கிப் பேண்டை இணைத்து, அதே போனையும் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். இந்திய சிம் போட்டதும் போன் இந்திய மணிக்கு வந்துவிட்டது. ஆப்புக்குள் மட்டும் நேர மண்டலத்தைத் தனியாக வைத்திருந்தார்கள்; தானாக மாறும் வசதி அணைந்திருந்தது; லண்டன் என்று இருந்தது.

பேண்டில் நேரத்தைத் திருத்தப் பொத்தான் தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஏமாந்துபோவார்கள். பல பேண்டுகளில் அப்படி ஒன்று கிடையாது; போன் சொல்வதைக் கேட்பதற்கென்றே செய்யப்பட்டது அது. ஆகவே மேலிருந்து கீழே வர வேண்டும். முதலில் போனில் தேதி, நேரம், நேர மண்டலம் மூன்றும் தானாக அமையும்படி வைத்தோம். இதில் ஒரு சிக்கல் உண்டு. மண்டலம் தப்பாக இருக்கும்போது மணியை மட்டும் கையால் தள்ளிச் சரிசெய்துவிட்டால், முகப்பில் மணி சரியாகத் தெரியும். உள்ளே உலகப் பொது நேரம் கெட்டுப்போயிருக்கும். பிறகு ஆப்பில் லண்டனை எடுத்துவிட்டுத் தானாக மாறும் வசதியைப் போட்டோம். புளூடூத் ஓடுகிறதா, பேட்டரியை மிச்சம் பிடிப்பதற்காகப் போன் அந்த ஆப்பைத் தூங்கவைத்திருக்கிறதா என்றும் பார்த்தோம். தூங்கவைத்திருந்தது. பேண்டுகள் நாள்கணக்கில் போனோடு பேசாமல் போவதற்கு இது அடிக்கடி காரணமாகிறது. அதன் பிறகுதான் இணைப்பு.

இதற்கும் சரியாகாவிட்டால் பேண்டை ஒருமுறை அணைத்துப் போடலாம். அதற்கும் மசியாவிட்டால் ஆப்பிலிருந்து நீக்கிப் புதிதாக இணைக்க வேண்டும். ஆனால் நீக்குவதற்கு முன், பேண்டில் சேர்ந்திருக்கும் கணக்கைப் போனுக்கு இறக்கிக்கொள்ள வேண்டும். அவசரத்தில் அதை விட்டால் அத்தனை இரவுகளின் துடிப்பும் போய்விடும். டாக்டர் கேட்டதே அதைத்தான்.

எங்களுக்கு அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. மாமா போன் திரையை விரலால் கீழே இழுத்துவிட்டார். சின்ன வளையம் ஒன்று சுழன்றது. பேண்டு ஒருமுறை அதிர்ந்தது. 23:58 என்றிருந்தது அப்படியே 05:28 ஆனது, தேதி மாறியது, அடிக்கணக்கு பூஜ்யத்துக்குப் போனது. அவர் ஹெச்.எம்.டி.யைப் பார்த்தார். அது அரை நிமிடம் பின்னால் இருந்தது. குமிழை இழுத்து அதையும் நேராக்கிக்கொண்டார்.

பழைய இரவுகள் மட்டும் மாறவில்லை. அந்த ஆப் பதிந்ததைப் பதிந்த மணியிலேயே வைத்துக்கொண்டது. இரண்டரை மணிப் படபடப்பு இன்னமும் 9 மணி என்றே இருந்தது. இனி வருவது சரியாக இருக்கும், போனதை என்ன செய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது மாமா சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தார். லாரி ஓட்டிய காலத்தில் டிரிப் ஷீட் எழுதிய பழக்கம்; கிலோமீட்டர் மீட்டர் பழுதாகி மாற்றினால் எந்த இடத்தில், எத்தனையில் மாற்றினோம் என்று ஓரத்தில் எழுதாமல் விடமாட்டார்கள். டாக்டரிடம் காட்ட வைத்திருந்த பக்கத்தைத் திருப்பி, ஒரு கோடு கிழித்து, மேலே எழுதினார்: “இந்தக் கோடு வரைக்கும் எல்லா நேரத்துடனும் 5½ மணி கூட்டிக்கொள்ளவும். கோட்டுக்குக் கீழே சரி. காரணம்: லண்டன் டைமில் இருந்தது.” தேதியையும் மணியையும் போட்டார். பேண்டைப் பார்த்துத்தான் போட்டார்.